பல் படாத இனிப்பு

பிப்ரவரி 8, சனி

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். தொண்டைக்குக் கதிர்வீச்சு முடிந்தபின் இது இரண்டாவது பரிசோதனை. எடை இன்னும் இறங்கியிருக்கிறது. மார்ச் முதல் தேதி வரும்போதும் இப்படியே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா பேசினார். குரலில் பாதிதான் மிச்சம். "மூக்குல ஓஸ் மாட்டிகினு கீற ஆளா நானு? ஆவடி ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டனவன். எவனா வந்து பாத்தா இன்னா நெனைப்பான்? அதுக்குத் துன்னாமலே போய்ட்றேன்."

"வாயக் கழுவுய்யா," என்றாள் அம்மா. "பொகையில போட்டப்ப எவன் இன்னா நெனைப்பான்னு தோணலயா?"

அப்பா சிரித்தார். சிரித்தால் வலிக்கும் போல, உடனே நிறுத்திக்கொண்டார்.

என்ன சாப்பாடு தரலாம் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு மேடம் இருக்கிறார். "தண்ணி மாதிரி எதுவும் குடுக்காதீங்க. கெட்டியா, வழவழப்பா, மெல்லாம முழுங்குற மாதிரி குடுங்க. காரம் வேணாம். பச்சை முட்டை வேணாம்." அம்மா என் முழங்கையை இடித்தாள். "நீ படிச்சவதான? இன்னும் எதுனா கேளேன்." கேட்க இருந்தது. எவ்வளவு கெட்டி? எதெல்லாம் கெட்டியில் சேரும்? ஆனால் பின்னால் வரிசை. ஒரு ஆள் தன் ஃபைலை மேசைமேல் வைத்தே விட்டார். தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டேன்.

எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நாற்காலியில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கேழ்வரகுக் கஞ்சி, மூன்று கரண்டி. அதோடு தட்டைத் தள்ளிவிட்டார். "பசை காய்ச்சி ஊத்தற மாதிரி கீது" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

பக்கத்து சீட் சபீனாவுக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது. இன்று ஆபீசில் எல்லோருக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கப்பில் ஏதோ இனிப்புக் கொடுத்தாள். கும்பலில் நின்று சாப்பிட எனக்கு வராது. என் கப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பல் படவே இல்லை. நாக்கின்மேல் ஒரு கணம் இருந்தது, பிறகு இல்லை. சாக்லேட். நடுவில் ஏதோ பழம்.

அப்பாவின் நினைவு வந்தது.

மத்தியானம் முழுக்கத் தைரியம் சேர்த்துக்கொண்டு நாலு மணிக்கு அதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். சபீனா நாற்காலியோடு திரும்பினாள். "அருள்மொழி வாயத் திறந்து ஒண்ணு கேட்டுட்டா! எல்லாரும் பாத்துக்கோங்கப்பா." என் காது சுட்டது. பிறகு அவளே குரலைத் தாழ்த்தினாள். "அது பேரு மூஸ். ரொம்ப ஈசிடி. வாட்ஸ்அப்ல அனுப்பறேன். யாருக்கு, உங்கப்பாவுக்கா?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 15, சனி

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கேக் சாமான் விற்கும் கடையில் க்ரீமும் சாக்லேட் கட்டியும் வாங்கினேன். கடைக்காரர், "எத்தனை சதவீதம் சாக்லேட் வேணும்?" என்றார். கசப்பு கம்மியானது என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

முதல் தடவை: வெந்நீர்ச் சட்டிமேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினேன். தட்டைப் போட்டு மூடினேன், சோறு வடிக்கிற பழக்கம். ஆவித் தண்ணீர் நாலு சொட்டு உள்ளே விழுந்தது. அவ்வளவுதான், சாக்லேட் மணல் மணலாகத் திரண்டுவிட்டது.

இரண்டாவது தடவை அது சரியாக வந்தது. க்ரீமை அடிக்க வேண்டும் என்று சபீனா எழுதியிருந்தாள். நான் சாக்லேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அடிக்கணும், அவ்ளோதான? குடு இங்க," என்று அம்மா வாங்கிக்கொண்டாள். முகப்பேர் ஃப்ளாட்டுகளில் நாலு வீட்டு வேலை முடித்து வந்த கை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மத்தை எடுத்துக் கடைந்து, கடைந்து, மேலே உருண்டையாகத் திரட்டிக் கையில் எடுத்தும் விட்டாள்.

"பாரு அருளு, எவ்ளோ வெண்ண! தயிரு கடஞ்சா கூட இப்டி வராது."

அவ்வளவு பெருமை அந்த முகத்தில். க்ரீம் அவ்வளவும் போயிற்று. கட்டிலிலிருந்து அப்பா பார்த்துவிட்டு, "ஒய்ங்கா நெய்யி காய்ச்சி வையி. நான் செத்தா வெளக்குக்காவது ஆவும்," என்றார். அம்மா மத்தை ஓங்கிக்கொண்டு போனாள். வெகு நாளைக்குப் பிறகு மூன்று பேரும் சிரித்தோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடு நிறையச் சாத்துக்குடி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கி வருகிறார்கள். அப்பாவால் ஒரு சுளைகூட முடியாது, வாயெல்லாம் புண். வாங்கி வந்தவர்களிடம் அதைச் சொல்லவும் முடியாது. கூடையில் கிடந்து தோல் சுருங்குகிறது. சபீனாவின் குறிப்பில் பழச்சாறு என்றுதானே இருக்கிறது, வீணாகப் போக வேண்டாமே என்று பிழிந்து ஊற்றினேன். சாக்லேட்டோடு சேர்ந்தால் புளிப்புத் தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்தது. அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துப்பவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றதால் விழுங்கினார்.

"நல்லாத்தான் கீது," என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலையில் நான்கு தப்பு. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஆபீசில் நாங்கள் அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுகிறோம். இன்று ஒரு கிழவரின் இடது காலை வலது கால் ஆக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சப்போட்டா!

ஏன் முன்பே தோன்றவில்லை? புளிப்பே இல்லை. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி, தோல், கொட்டை எடுத்து, மசித்து, மாவு சலிக்கும் சல்லடையில் தேய்த்து வடித்தேன். நறநறப்பு எல்லாம் மேலேயே தங்கிவிட்டது. சாக்லேட்டைச் சூடான பாலில் கரைத்து ஆறவிட்டு, விழுதைச் சேர்த்தேன். க்ரீமை நானே அடித்தேன், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, முட்டை அடிக்கிற கம்பியால். தூக்கினால் மூக்கு மாதிரி நிற்க வேண்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு கலக்கக் கூடாது. அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலே, துணி மடிக்கிற மாதிரி. அடித்துச் சேர்த்த காற்று போய்விட்டால் எல்லாம் கனத்துவிடும். டம்ளர்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் ஒரு டம்ளரை முழுசாகச் சாப்பிட்டார். முழுசாக.

"இன்னா பேரு இதுக்கு?"

"மூஸ்ப்பா."

"பேரு இன்னாவா இருந்தா இன்னா, எறங்குது," என்றார். அம்மா அதற்குச் சாக்லேட் களி என்று பேர் வைத்துவிட்டாள்.

டம்ளரைக் கழுவும்போது அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் உத்தமன் மாமா வந்தார். வழக்கம் போலக் கையில் சாத்துக்குடி. அப்பா டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, நாங்க ரயில்வே கேட்டாண்ட வெய்யில்ல காஞ்சிகினு கீறோம், நீ ஊட்ல உக்காந்து ஸ்டார் ஓட்டல் அயிட்டம் துன்னுகினு கீற?"

அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா ஓடிப்போய் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்க."

"யாரு நெனைப்பா இவர? அம்பத்தூர் டிராபிக் போலீசு தான்," என்றார் மாமா. புரை நிற்கவில்லை. "உன் தங்கச்சி." நிற்கவில்லை. "பால்காரன்." நிற்கவில்லை. மாமா ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு, "திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பூக்காரம்மா," என்றார். சட்டென்று நின்றுவிட்டது.

அம்மா இருவரையும் முறைத்தாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா இர்ரா டேய், இந்த வயசுல ஊட்ட வுட்டுத் தொரத்திடுவா," என்றார். பேசும்போது குரல் தண்ணீருக்கு உள்ளிருந்து வருவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

மாமா போகும்போது என்னிடம், "பாப்பா, உங்கப்பனத் திருப்பி இட்டுகினு வந்துட்ட. நீதான்," என்றார்.

பிப்ரவரி 26, புதன்

இன்று அப்பாவை நிறையப் பேர் நினைத்தார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒன்று. நான் பஸ் விட்டு இறங்கும் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சாயங்காலத்தில் மேல் லேசாகச் சுடுகிறது. வெயில் ஏறிவிட்டது என்கிறாள் அம்மா. ஆமாம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

மார்ச் 1, சனி

எடை ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான். ஆனால் ஏறியிருக்கிறது. டாக்டர் முதல் முறையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "சாப்பிடும்போது இருமல் இருக்கா?"

"இருமல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன்.

"அப்போ குழாய் இப்போதைக்கு வேண்டாம்."

அப்பா ஆட்டோவில் வரும்போது பாட்டு முனக முயன்றார். சத்தம் வரவில்லை, தலை மட்டும் ஆடியது. அடுத்த மாதம் மாம்பழம் வரும், அதில் செய்து தருகிறேன் என்றேன். "பங்கனப்பள்ளில போடு," என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

நல்ல காய்ச்சல். மூச்சு வாங்குகிறது. நாலு வார்த்தை பேச முடியவில்லை. டம்ளரைக் காட்டினேன், பாதி சாப்பிட்டார். நாளைக்கு லீவு சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

உத்தமன் மாமா ஆட்டோவில் ஆஸ்பத்திரி. சேர்த்துக்கொண்டார்கள். ஆக்சிஜன்.

மார்ச் 6, வியாழன்

எழுத முடியுமா தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பாவின் தொண்டை சரியாக மூடிக்கொள்வதில்லையாம், கதிர்வீச்சில் அப்படி ஆகுமாம். சாப்பிட்டது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் இல்லை, பல நாள். என்ன கொடுத்தீர்கள் என்றார்.

சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பார்க்கத்தான் அது கெட்டி என்றார். வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும். ஐஸ்கிரீம் மாதிரி. அதெல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். "சாப்பிடும்போது இருமல் இல்லை என்றீர்களே?"

இல்லையே. இருமல் இல்லையே. புரைதானே ஏறியது. யாரோ நினைச்சாங்க, அவ்ளோதானே. தலையில தட்டினோம், பேர் சொன்னோம், சிரிச்சோம்...

ஜே 69.0. உணவு உள்ளே போனதால் வந்த நுரையீரல் அழற்சி. இந்தக் குறியீட்டை எனக்குப் புத்தகம் பார்க்காமல் தெரியும். வாரம் தவறாமல் போடுகிறேன். அந்தக் குறிப்புகளில் என்ன எழுதியிருக்கும் என்றும் தெரியும் - சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் நீர் கோத்த குரல், விட்டு விட்டுக் காய்ச்சல். எத்தனை அமெரிக்கக் கிழவர்கள். அவர்களையெல்லாம் படிக்கத் தெரிந்தது. என் அப்பாவைத் தெரியவில்லை. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்று நானே இங்கே எழுதியிருக்கிறேனே, எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேனே.

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி சொல்றாரு டாக்டரு? இம்மாம் நேரம் பேசறாரு?"

"சளி கட்டிகிச்சாம்மா," என்றேன்.

மார்ச் 8, சனி

குழாய் போட்டாயிற்று. இரண்டு முறை பிடுங்கினார், அதனால் கையைத் துணியால் கட்டிலில் கட்டியிருக்கிறார்கள். உத்தமன் மாமா வந்தபோது அப்பா கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தார். மாமா கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இன்று ஒரு ஜோக்கும் இல்லை.

பிறகு அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கட்டாத விரல்களைக் குவித்து வாயைக் காட்டினார். அம்மாவுக்கு உடனே புரிந்தது.

"உன் களி கேக்குறாரு. ஒரே ஒரு கரண்டி எத்தாந்து குடேன். நாக்குலயாவது தடவு."

"டாக்டர் வேணான்னாரும்மா."

"ஏனாம்?"

"சளிக்கு ஆகாதாம்."

அப்பா அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் என்ன நினைத்தார்? எனக்குச் சலித்துவிட்டது என்றா?

மார்ச் 9, ஞாயிறு

உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துணியைச் சப்பப் பார்த்தார்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பா போய்விட்டார். மத்தியானம்.

மார்ச் 15, சனி

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா துக்கம் கேட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சோடு பேச்சாக, "சளின்னு தான சொன்னாங்க? ஃப்ரிட்ஜில வச்ச பண்டத்த ரெண்டு வேளயும் குடுத்தா சளி புடிக்காம இன்னா பண்ணும்?" என்றாள்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எம்பொண்ணு செஞ்சி குடுத்தது தான்டி அவர இத்தினி நாளு உக்கார வச்சுது! பச்சத் தண்ணி எறங்காத மனுசன் டம்ளர் டம்ளரா துன்னாரு. நீ இன்னா எத்தாந்த, ரெண்டு சாத்துக்குடி? வந்ட்டா பேச!"

ராஜம்மா அக்கா போய்விட்டாள். அம்மா என் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். "அவ கெடக்குறா. நீ மனசுல வச்சிக்காத."

தோளில் வெங்காய வாடை. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று இருந்தது. அவள் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 19, புதன்

இன்று வேலைக்குப் போனேன். அந்தக் குறியீடு இரண்டு ஃபைலில் வந்தது. சபீனா என் திரையைப் பார்க்கவில்லை, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வாட்ஸ்அப்பை நினைத்து அழுவாள்.

மார்ச் 25, செவ்வாய்

நாளைக்குப் பதினாறாம் நாள். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் படையலில் வைக்க வேண்டும். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். வஞ்சிர வறுவல், மசால் வடை, கறிக் கொழம்பு. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ அத்த செஞ்சிடு அருளு. சப்போட்டா நான் வாங்கியாறேன்."

"வேணாம்மா."

"இன்னா வேணாம்? கடைசியா ஆசையாக் கேட்டாரு, குடுக்க முடில. இப்பவாவது துன்னட்டும்."

மார்ச் 26, புதன்

காலையில் செய்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. உருக்குவது, வடிப்பது, அடிப்பது, மடிப்பது. இதுவரை செய்ததிலேயே நன்றாக வந்தது இன்றைக்குத்தான்.

அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தோம். உத்தமன் மாமா ஒரு புகையிலைப் பொட்டலமும் வாங்கி வந்து இலையில் வைத்தார், "அண்ணாத்தைக்கு இல்லாமயா?" என்று. அம்மா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "இதான்யா அவர எத்துகினு போச்சு." மாமா தலையைக் குனிந்துகொண்டார். இலையில் அது இருந்த இடத்தில் டம்ளரை நடுவாக நகர்த்தி வைத்து, கற்பூரம் காட்டினாள்.

அப்பா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். வெயில்.

திறந்தபோது அம்மாதான் முதலில் உள்ளே போனாள். டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அருளு, இங்க வா, வந்து பாரு. மத்தது எதையும் தொடல. இத்த மட்டும் துன்னுகீறாரு."

எட்டிப் பார்த்தேன். கூரைச் சூட்டில் மூஸ் இளகி, நடுவில் குழிந்து, கரண்டியால் எடுத்தது போலப் பாதிக்கு இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் தண்ணீராக நின்றது.

அம்மாவின் முகம் இந்தப் பதினாறு நாளில் இல்லாத மாதிரி இருந்தது. மாமா மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மா கரண்டியை எடுத்து மிச்சத்தில் ஒரு வாய் அள்ளினாள். "உங்கப்பா துன்ன மீதி. உனக்குத்தான் மொதல்ல."

"அம்மா," என்றேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் ஊட்டினாள். விழுங்கினேன்.